ஊர் மாறி ஊர் வாழும் இதழ்

அறிவியலின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு ‘ஐசிஸ்’ முதன்மையான ஆய்விதழ். 1913-இல் பெல்ஜியத்தில் பிறந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதன் ஆசிரியர் அலுவலகத்துக்கு நிலையான முகவரி கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆசிரியர் மாறுவார். அவரோடு அலுவலகமும் ஊர் மாறும். அமெரிக்காவின் மாடிசன், கார்னெல், பிறகு கனடாவின் யார்க், நெதர்லாந்தின் உத்ரெக்ட், அங்கிருந்து மிசிசிப்பி என்று போய்க்கொண்டே இருக்கிறது. இப்படி இடம் பெயர முடிந்ததால்தான் அது நூறாண்டு கடந்தது என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் எல்லாமே ஒரே மனிதரின் தோளில் இருந்தது. ஜார்ஜ் சார்ட்டன் கெண்ட் நகரை ஒட்டிய வொண்டெல்கெம் கிராமத்தில், தன் வீட்டிலிருந்தே இதழை நடத்தினார். 1914-இல் ஜெர்மானியப் படை வந்தது. ஆய்வுக் குறிப்புகளைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனார், மறு ஆண்டு அமெரிக்காவுக்கு. போர் முடிந்தபின் குறிப்புகள் பத்திரமாகக் கிடைத்தன. 1919-இல் இதழ் மறுபடி வெளிவந்தது.

அவர் எப்படிப் பிழைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். உட்கார அறை கொடுத்தது ஹார்வர்டின் வைட்னர் நூலகம். சம்பளம் கொடுத்தது வாஷிங்டனின் கார்னெகி நிறுவனம். அப்படியும் இதழுக்குப் பணம் போதவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கவே 1924-இல் பாஸ்டனில் அறிவியல் வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. வழக்கமாகச் சங்கம் இதழைத் தொடங்கும்; இங்கே இதழுக்காகச் சங்கம் பிறந்தது. 1952 வரை சார்ட்டனே ஆசிரியர். நிறுவியவர் விலகும்போதுதான் பல இதழ்கள் உயிரை விடுகின்றன. இங்கே அவருடைய மாணவர் ஐ. பெர்னார்ட் கோஹன் பொறுப்பை வாங்கிக்கொண்டார்.

இன்று இப்படியொரு இதழுக்கு ஆசிரியராக வர நல்ல அறிஞராக இருந்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழகமும் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறைப்போம், ஓர் அறை தருவோம், அன்றாட வேலையைக் கவனிக்கும் நிர்வாக ஆசிரியருக்குச் சம்பளம் தருவோம், உதவிக்கு ஆய்வு மாணவர்களை அமர்த்துவோம் என்று உறுதி தர வேண்டும். கட்டுரை எழுதுபவரும் அதை மதிப்பிடுபவரும் காசு வாங்குவதில்லை. அச்சையும் சந்தாவையும் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும். இடையில் இருக்கும் அந்த அன்றாட வேலைக்குத்தான் ஆளும் பணமும் தேவை. தகுதியுள்ள எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் தடைபட்டு நிற்கிறார்கள். இதை வீண்செலவாக எண்ணும் நிர்வாகங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு கட்டுரையின் முதல் வரைவையும் அதன்மேல் வந்த கண்டனங்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடத்தைக் கற்கிறார்.

கைமாறும் நாளில் ஆசிரியரின் கணினியில் என்ன இருக்கும்? ஒரு கட்டுரை மதிப்பீட்டாளர்களிடம் போயிருக்கும். இன்னொன்று ‘இந்தப் பகுதியைத் திருத்தினால் மறுபடி பார்ப்போம்’ என்ற கடிதத்தோடு எழுதியவரிடம் திரும்பியிருக்கும். மூன்றாவது ஏற்கப்பட்டு, அடிக்குறிப்புகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். மதிப்புரைக்கான நூல்களோ பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். வந்த கட்டுரை அச்சேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே புதியவரின் பெயரோடு வரும் முதல் இதழ்களில் இருப்பவை பெரும்பாலும் முந்தையவர் தேர்ந்தவை. முந்தையவர் கொடுத்த வாக்கைப் புதியவர் காப்பாற்றித் தீர வேண்டும். தெரியாத ஊரிலிருந்து கட்டுரை அனுப்பும் இளைஞருக்கு வேறு பிடிமானம் கிடையாது.

எல்லாமே ஆசிரியரோடு பயணப்படுவதில்லை. சார்ட்டன் தன் கையால் தொகுக்கத் தொடங்கிய அறிவியல் வரலாற்று நூலடைவு இப்போது ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் தனியாக வளர்கிறது.

2024-இல் ஆசிரியர் பொறுப்பு இருவரிடம் வந்தது. எலிஸ் பர்ட்டன் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருப்பவர். ப்ரொஜித் பிஹாரி முகர்ஜி ஹரியானாவின் சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மத்திய கிழக்கில் மரபணு ஆய்வு வளர்ந்த கதையை பர்ட்டன் எழுதியிருக்கிறார். வங்காள ஆயுர்வேத வைத்தியர்களின் கைக்குச் சட்டைப்பைக் கடிகாரமும் வெப்பமானியும் வந்தபோது வைத்தியமே எப்படி மாறியது என்பதை முகர்ஜி எழுதியிருக்கிறார். ஆசிரியருக்குத் தெரிந்த உலகம் எதுவோ, அதற்குள்ளிருந்துதான் அவர் மதிப்பீட்டாளர்களைத் தேடுவார். நாடி பார்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் அதை யாரிடம் படிக்கக் கொடுப்பது என்று இப்போது அந்த அலுவலகத்துக்குத் தெரியும்.