காணொளிச் சமிக்ஞையின் மௌனம்: எச்.டி.எம்.ஐ. இணக்கச் சோதனை பற்றிய ஒரு விளக்கம்

1. பிரச்சினையின் தன்மை

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தபோது தெளிவான படத்தைத் தந்த ஒரு கருவி, இணக்கச் சோதனைக்கூடத்தில் அலைவுகாட்டியுடன் இணைக்கப்பட்டதும் எவ்விதச் சமிக்ஞையையும் தராது நிற்றல் இத்துறையினர் நன்கறிந்த நிலைமையாகும். அலைவுகாட்டியின் திரையில் கிடைக்கோடொன்றே எஞ்சுகின்றது. கருவி பழுதுற்றது என்ற முடிவுக்கு வருதல் இயல்பே. எனினும் அம்முடிவு பல வேளைகளிற் பிழையாகின்றது.

இணக்கச் சோதனை என்பது, ஒரு கருவி வெளியிடும் சமிக்ஞையின் வீச்சம், எழுநேரம், நேர நடுக்கம் முதலியன நியமம் விதித்த எல்லைகளுள் அடங்குகின்றனவா என அளந்தறிவதாகும். சமிக்ஞையே தோன்றாவிடின் அளப்பதற்கு எதுவுமில்லை. ஆகவே சமிக்ஞை ஏன் தோன்றவில்லை என்னும் வினா ஏனைய வினாக்கள் யாவற்றுக்கும் முந்தியதாகின்றது. 2002 ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் வெளியிடப்பட்டு, இன்று தொலைக்காட்சிகளிலும் கணினிகளிலும் பரவலாகக் காணப்படும் எச்.டி.எம்.ஐ. இணைப்பினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூலமும் ஏற்பியும்

படத்தை அனுப்பும் கருவியை மூலம் என்றும், பெறும் கருவியை ஏற்பி என்றும் ஈண்டு குறிப்பிடுவோம். பழைய ஒப்புமைமுறைக் கருவிகள் பல, மறுமுனையில் எவர் உளர் என்பதைக் கவனியாது சமிக்ஞையை வெளியிட்டு வந்தன. எச்.டி.எம்.ஐ. மூலம் அத்தகையதன்று. அது பேசுமுன் கேட்கின்றது.

வழக்கமான எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 முனைகள் உள. 18 ஆம் முனை வழியாக மூலம் 5 உவோற்று அழுத்தத்தை வழங்குகின்றது. ஏற்பி ஆயத்தமாயின், 19 ஆம் முனையின் அழுத்தத்தை உயர்த்தித் தன் இருப்பினை அறிவிக்கின்றது. அதன்பின்னர் மூலம் 15, 16 ஆம் முனைகளின் வழியே ஏற்பியின் அடையாளத் தரவினை வாசிக்கின்றது. ஈ.டி.ஐ.டி. எனப்படும் இத்தரவின் முதற்றொகுதி 128 பைற்றுக்களைக் கொண்டது. அவற்றின் கூட்டுத்தொகை 256 ஆல் மீதியின்றி வகுபடல் வேண்டும். எவ்வெப் பட அளவுகளை ஏற்பி காட்டவல்லது என்பது இத்தரவிலிருந்தே மூலத்துக்குத் தெரியவருகின்றது.

அலைவுகாட்டியோ இவற்றுள் எதனையும் செய்வதில்லை. அது 19 ஆம் முனையை உயர்த்தாது. அடையாளத் தரவினையும் அளிக்காது. மூலத்தின் நோக்கில் மறுமுனையில் எவருமில்லை. எனவே அது வாளாவிருக்கின்றது. அடையாளத் தரவு அளிக்கப்பட்டும் சோதிக்க விரும்பிய பட அளவு அதிற் குறிக்கப்படாதிருப்பின், மூலம் 640×480 போன்ற ஒரு தாழ்ந்த அளவினைத் தெரிந்துகொள்ளல் கூடும். அப்போது சமிக்ஞை உண்டு. தேடிய சமிக்ஞை இல்லை. சோதனைப் பொருத்தியுடன் அடையாளத் தரவினைப் போலியாக வழங்கும் ஒரு துணைக்கருவி சேர்க்கப்படுவது இக்காரணம் பற்றியேயாம்.

3. முடிவுத் தடை

இரண்டாவது காரணம் மின்சுற்றின் இயல்பிலிருந்து எழுவது. எச்.டி.எம்.ஐ. தரவுக் கம்பிகளில் மூலம் அழுத்தத்தைத் தானே உண்டாக்குவதில்லை. ஏற்பியினுள்ளே ஒவ்வொரு கம்பியும் 50 ஓம் தடையொன்றினூடாக 3.3 உவோற்று வழங்கலுடன் இணைக்கப்பட்டுள்ளது. மூலம் அக்கம்பியினின்று ஏறத்தாழ 10 மில்லியம்பியர் ஓட்டத்தை இழுத்தும் விடுத்தும் ஏறத்தாழ 500 மில்லியுவோற்று வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றது.

அலைவுகாட்டியின் உள்ளீடும் 50 ஓம் தடையுடையதே. ஆயின் அத்தடை புவியுடன் இணைக்கப்பட்டுள்ளதேயன்றி 3.3 உவோற்றுடன் அன்று. இழுப்பதற்கு ஓட்டம் இன்மையால் மூலம் எவ்வளவு முயன்றாலும் அலைவடிவம் தோன்றாது. மேலும், மூலக் கருவிகள் சில இம்முடிவுத் தடை உண்டோ எனத் தாமே உணர்ந்து, இல்லையெனக் கண்டவிடத்துத் தம் வெளியீட்டை நிறுத்திவிடுகின்றன. ஆகவே பொருத்தியின் முடிவு வழங்கல் இணைக்கப்பட்டு, 3.3 உவோற்றை உண்மையில் தருகின்றதா என அளந்தறிதல் இன்றியமையாதது.

4. இல்லாத கடிகாரத்தைத் தேடுதல்

சமிக்ஞை உளதாகவும் அதனை இல்லையெனக் கொள்ளும் நிலையும் உண்டு. நொடிக்கு 60 சட்டகங்கள் கொண்ட 1920×1080 படத்துக்குக் கடிகார மீடிறன் 148.5 மெகாஹேர்ட்ஸ் ஆகும். 3840×2160 படத்தை அதே வேகத்தில் முழு நிறத் தரவுடன் அனுப்புகையிற் படப்புள்ளி மீடிறன் 594 மெகாஹேர்ட்ஸாக உயர்கின்றது. ஆனால் 2013 இல் வந்த 2.0 ஆம் பதிப்பின்படி, இவ்வுயர் வேகத்திற் கடிகாரக் கம்பியில் தரவு வேகத்தின் நாற்பதிலொரு பங்கே செல்லும். அதாவது மீண்டும் 148.5 மெகாஹேர்ட்ஸ். 594 ஐத் தேடுபவர் அதனை என்றும் காணார். ஒரு பிற்றின் கால அளவே இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும்: முன்னையதில் ஏறத்தாழ 673 பிக்கோசெக்கன், பின்னையதில் ஏறத்தாழ 168.

இவ்வுயர் வேகத்துக்கு மாறுவதற்கு, ஏற்பி அதற்கு வல்லது என்று அடையாளத் தரவு கூறுதல் வேண்டும். கடிகார விகித மாற்றத்தையும் தரவுக் கலைப்பினையும் பதிவுசெய்யும் பதிவேடுகளும் மறுமுனையில் இருத்தல் வேண்டும். 2017 இல் வந்த 2.1 ஆம் பதிப்பின் புதிய அனுப்பல் முறையிலோ தனிக் கடிகாரக் கம்பியே இல்லை. அக்கம்பி நான்காவது தரவு வழியாகிவிடுகின்றது. அங்கே ஏற்பி கோரும் பயிற்சிக் கோலங்களை மூலம் அனுப்பி, இணைப்பு நிலைபெற்ற பின்னரே படம் செல்லும்.

5. ஆராயும் ஒழுங்கு

மேற்கூறியவற்றினின்று ஓர் ஒழுங்கு பெறப்படுகின்றது. முதலில் மூலத்தைச் சாதாரணத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்த்தல் வேண்டும். படம் தோன்றின், தொலைக்காட்சிக்கும் சோதனைப் பொருத்திக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே காரணம் தேடத்தக்கது. அடுத்து 18 ஆம் முனையில் 5 உவோற்று, பின்னர் 19 ஆம் முனையின் உயர்நிலை, பின்னர் அடையாளத் தரவு வாசிக்கப்படுகின்றதா என்பது, பின்னர் 3.3 உவோற்று முடிவு வழங்கல். இறுதியாகக் கடிகாரமும் தரவும். அடையாளத் தரவு மாற்றப்பட்டிருப்பின் 19 ஆம் முனையைக் குறைந்தது 100 மில்லிசெக்கனுக்குத் தாழ்த்தி மீண்டும் உயர்த்துதல் வேண்டும். அன்றேல் மூலம் பழைய தரவையே நம்பியிருக்கும். இவையாவும் செவ்வையாயிருந்தும் மௌனம் நீடிப்பின் மட்டுமே கருவியின் மென்பொருளையும் வன்பொருளையும் ஐயுறல் தகும்.

இவ்வொழுங்கினைக் கைவிட்டு, சிறப்பு மென்பொருளினாற் கருவியைப் பேசுமாறு வற்புறுத்துவதும் உண்டு. மின்னியல்புகளை மட்டும் அளப்பதற்கு அது பயன்படலாம். ஆயின் அவ்வாறு பெற்ற சமிக்ஞை, கருவி தன் ஏற்பியுடன் தானே உரையாடி வெளியிட்டதன்று. அந்த உரையாடலிலேயே குறையிருப்பின், சோதனையில் தேறிய கருவி வாங்கியவரது வீட்டிற் கரிய திரையையே காட்டும். மறுபுறம், பொருத்தியின் குறையைக் கருவியின் குறையாகப் பதிவுசெய்தால் நல்ல உற்பத்தியொன்று தடைப்படுகின்றது; மறுசோதனைச் செலவு சிறிய உற்பத்தியாளரையே கூடுதலாக வருத்துகின்றது.

6. முடிவுரை

சமிக்ஞை தோன்றாமை ஒரு விடையன்று. அது ஒரு வினா. மூலம் பேசாதபோது முதலில் ஆராயப்படவேண்டியது அதன் வாயன்று, அதனைக் கேட்கவென நாம் அமைத்த செவியே. இவ்வாய்வுக்கு மூலத்தின் மென்பொருள் எந்நிபந்தனையில் வெளியீட்டைத் திறக்கின்றது என்பதை அறிதல் பெரிதும் உதவும். ஆனால் நியமத்தின் முழுப் பாடம் உடன்படிக்கை செய்த நிறுவனங்களுக்கே வழங்கப்படுகின்றது. 2.1 ஆம் பதிப்புக்கான திறந்த மூல இயக்கி மென்பொருளை வெளியிட ஏ.எம்.டி. நிறுவனம் முன்வைத்த யோசனையை எச்.டி.எம்.ஐ. மன்றம் 2024 இல் ஏற்க மறுத்தது. அளவையின் அடிப்படை மூடிவைக்கப்படும்போது அளப்பவரும் ஓரளவு இருளிலேயே நிற்கின்றார் என்பது மறக்கற்பாலதன்று.