கல்லாகிப்போன பந்தாட்டக்காரர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கோர்ன்வோலில் போட்மின் மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. (இந்த ‘மூர்’ வேறு, வெள்ளைக்காரன் குடிசன மதிப்பில் எங்களுக்குப் போட்ட ‘மூர்’ வேறு. நிலத்தைக் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். எங்கட பெயர் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது.) பெரிய மரங்கள் அருமை. புல், ஈரம், காற்று, அவ்வளவுதான். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். அங்கே மினியன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், கிரனைட் கற்களை நட்டுச் செய்த மூன்று வட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றின் பெயர் ‘ஹேர்லர்ஸ்’.

ஹேர்லிங் என்பது கோர்ன்வோல் மக்களின் பழைய பந்து விளையாட்டு. வெள்ளி பூசிய சிறு பந்தைப் பறித்துக்கொண்டு ஓடவேண்டும். சென்ட் ஐவ்ஸ், சென்ட் கொலம்ப் மேஜர் ஆகிய ஊர்களில் இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் இந்த விளையாட்டை ஆடியவர்கள் ஆடிய இடத்திலேயே கல்லாகிப் போனார்களாம். கொஞ்சம் தள்ளித் தனியே நிற்கும் இரண்டு கற்கள், அதே நாளில் குழல் ஊதியவர்களாம்.

ஓய்வுநாள் வரம்பை மீறியவர்கள் உருமாற்றப்பட்டதைக் குர்ஆனில் ஓதியிருக்கும் எங்களுக்கு இது விளங்காத பேச்சல்ல. ஆனால் கோர்ன்வோல் கதைக்கு வேத ஆதாரம் எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைத் தன் ‘பிரித்தானியா’ நூலில் குறித்த வில்லியம் காம்டனே, பக்தியால் வந்த பிழை என்ற தொனியில்தான் எழுதுகிறார்.

வட்டங்களைக் கட்டிய காலம் ஏறத்தாழ கி.மு. 2500க்கும் 1500க்கும் இடையில். அப்போது அந்தத் தீவில் தேவாலயமும் இல்லை, ஞாயிறு ஓய்வும் இல்லை. அப்படியென்றால் கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? எங்கட ஊர் வரலாறு எழுத வெளிக்கிடுகிறவர்களிடமும் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. மூத்தவர்கள் சொன்னதை அப்படியே சரித்திரமாக எழுதுவார் சிலர். கட்டுக்கதை என்று கை கழுவுவார் வேறு சிலர். என்னால் இரண்டு பக்கமும் சேர முடியவில்லை. கதை கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொன்னவனைப் பற்றி நிறையச் சொல்கிறது. காம்டன் காலத்திலும் அதற்குப் பிறகும் ஞாயிறன்று விளையாடலாமா என்பது இங்கிலாந்தில் பெரிய சண்டை. தொழுகை முடிந்தபின் சில விளையாட்டுகளை ஆடலாம் என்று 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அறிவித்தார்; கடும்போக்குச் சீர்திருத்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆடினால் கல்லாவாய் என்ற எச்சரிக்கை அந்தக் காலத்துக்கு நல்லாவே பொருந்துகிறது.

கட்டியவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் கல்லிடமும் மண்ணிடமும்தான் கேட்க வேண்டும். 1935–36இல் ராலே ராட்ஃபோர்ட் தலைமையில் அகழ்வு நடந்தது. வடக்கு, நடு வட்டங்களைத் தோண்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் அங்கேதான் கிடைத்தது. கற்களின் முகத்தை இன்னொரு கல்லால் கொத்திச் சீராக்கியிருக்கிறார்கள். கொத்திய சிதறல்கள் வட்டத்தின் உள்ளேயே பரவிக் கிடந்தன. நெட்டைக் கல்லுக்கு ஆழமான குழி, குட்டைக் கல்லுக்கு ஆழம் குறைந்த குழி. எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும் என்று யாரோ கண்ணால் அளந்திருக்கிறார்கள். இரும்பு இல்லாத காலத்து வேலை இது! நடு வட்டத்தின் தரையில் குவார்ட்ஸ் என்னும் வெள்ளைப் படிகக் கல்லைத் தூவியிருந்தார்கள்.

நடு வட்டம்தான் பெரியது, குறுக்களவு சுமார் 42 மீற்றர். வடக்கில் உள்ளது 35, தெற்கில் உள்ளது 33 மீற்றர். தெற்கு வட்டம் பரிதாபமான நிலையில் இருக்கிறது. எஞ்சியது ஒன்பது கல், பெரும்பாலும் விழுந்தே கிடக்கின்றன. சுற்றுவட்டாரமெல்லாம் வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் தோண்டிய நிலம். நான் போனபோது செம்மறிகள் கற்களில் முதுகு தேய்த்துக்கொண்டு நின்றன.

இந்தக் கற்களைச் சரியாக எண்ணி முடிக்க இயலாது என்ற நம்பிக்கையை 1602இல் ரிச்சர்ட் கரூ பதிந்திருக்கிறார். இதில் மாயம் இல்லை. எது விழுந்த கல், எது உடைந்த துண்டு, எது சும்மா கிடந்த பாறை என்று அங்கே நின்றால் யாருக்கும் குழப்பம் வரும். காணாமல் போன கற்களின் இடத்தில் இப்போது அடையாளக் கற்கள் வேறு வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலுள்ள ரில்லட்டன் புதைமேட்டின் விசயம் இன்னும் சுவாரஸ்யமானது. 1837இல் கல் எடுக்கப் போன கூலியாட்கள், ஒரு எலும்புக்கூட்டோடு சுமார் 9 சென்ரிமீற்றர் உயரத் தங்கக் கோப்பையைக் கண்டெடுத்தார்கள். அது அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதில் சட்டைக் கழுத்துப் பொத்தான்களைப் போட்டுவைத்தாராம்! 1936இல் அவர் இறந்தபின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. எவ்வளவு குடித்தாலும் வற்றாத கோப்பையை வேடன் ஒருவன் கவர்ந்துகொண்டு ஓடி, செத்து, அதோடேயே புதைக்கப்பட்டான் என்று அங்கே ஒரு கதையும் உண்டு. கதை பலித்துவிட்டது என்று ஆட்கள் மகிழ்கிறார்கள். ஆனால் அது அச்சில் வந்தது கோப்பை கிடைத்து ஏறத்தாழ அறுபது வருசம் கழித்து. கதை கோப்பையைக் காட்டியதா, கோப்பை கதையைப் பெற்றதா? எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு.

வடக்கு வட்டத்தையும் நடு வட்டத்தையும் இணைத்து ஒரு படிகக் கல் பாதை போடப்பட்டிருந்ததை 1930களில் பார்த்து மூடிவிட்டிருந்தார்கள். 2013 செப்டெம்பரில் ஊர்த் தொண்டர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து அதைத் திரும்பத் திறந்தார்கள். ஒரு வட்டத்திலிருந்து மற்றதுக்கு நடந்து போயிருக்கிறார்கள் என்று நினைக்க அது இடம் தருகிறது. எதற்காக நடந்தார்கள் என்பதற்குப் பாதையிடம் பதில் இல்லை. பார்த்து, அளந்து, படமெடுத்து, பாதுகாப்புக்காக மறுபடியும் மண் போட்டு மூடினார்கள். இப்போது போனால் அந்த இடத்தில் புல்தான் தெரியும்.