வாய்க்கால் ரோட்டில் ஓடிப் பாருங்கள்



"நாள் முழுக்கச் செம்பனைக் காட்டுல கஷ்டப்படுறோம். இதுக்கு மேல ஓட வேற வேணுமா டிரெஸ்ஸரய்யா?" மருந்தகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலையும் கேளுங்கள்.

குலை வெட்டுவது கடுமையான வேலை, யார் இல்லையென்றது? தோளும் கையும் இடுப்பும் முறுக்கேறும். ஆனால் வெட்டுகிறோம், நிற்கிறோம், அடுத்த மரத்துக்கு நடக்கிறோம், மறுபடி நிற்கிறோம். உதிரிப்பழம் பொறுக்குகிறவருக்கு முதுகுதான் வளைகிறது. இருதயமும் நுரையீரலும் அரை மணி நேரம் விடாமல் உழைப்பது வேறு கணக்கு. மேலும், இன்று குலை வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் நம்மவர்? அந்த வேலையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான் அதிகம். நம் பிள்ளைகள் பேக்டரியில், லாரி சீட்டில், பன்னிரண்டு மணி நேரம் செக்யூரிட்டிக் கொட்டகையில். கையில் பால் டின் கலந்த தே. உட்கார்ந்த வேலைக்கு மாறியும், சோறு மட்டும் அப்பா பால்மரம் வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது.

விளைவு என்ன? 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் மூன்று பேர். ஒரு லயத்துக்குப் பத்து வீடு என்று வைத்து எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நல்ல மருந்து நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அந்த மருந்து, ஓடுவதற்கேற்ற ரோடு. அதன் அருமையை நம்மைவிட வெளியார்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பது வேடிக்கை. 1938-ல் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்ற கணக்காளரும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்களும் ஓர் ஓட்டக் குழு அமைத்தார்கள். ஒருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார். இடையிடையே பொய்த் தடமும் வைப்பார். மற்றவர்கள் மோப்பம் பிடிப்பதுபோல் தேடி ஓடுவார்கள். இங்கிலாந்துப் பள்ளிப் பையன்களின் 'முயலும் வேட்டை நாயும்' விளையாட்டுத்தான் அது. ஓடிய இடங்களோ நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர்க் காடுகளும் கம்பத்து ஒற்றையடிப் பாதைகளும். வாரக் கடைசியில் குடித்ததை வியர்வையாக வெளியேற்றுவது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. ஓடி முடித்ததும் மறுபடி பீர்! (இந்த இரண்டாம் பாகத்தை நான் சிபாரிசு செய்யவில்லை.) கிஸ்பெர்ட் 1942-ல் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். ஆனால் 'ஹேஷ்' என்ற பெயரில் அந்த ஓட்டம் இன்று உலகெங்கும் நடக்கிறது. நம் பாட்டன்மார் வாளியோடு நின்று அதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். நாமும் வேடிக்கை பார்த்தே இருக்க வேண்டுமா?

ஓட்டம் நம் இரத்தத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற ஜெகதீசன் மருத்துவர். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை ஓடிய 20.92 விநாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் எடுத்தவர் ராஜாமணி, ஒரு பெண்.

சரி, எங்கே ஓடுவது?

செகிஞ்சானில் பெரிய ரோட்டுக்குக் கடற்பக்கம் வேண்டாம், வயல்பக்கம் போங்கள். பலகை போட்டதுபோல் சமதரை. நேர் நேராக வெட்டிய வயல் ரோடுகள், பக்கத்திலேயே பாசன வாய்க்கால். எல்லாம் கட்டம் கட்டமாக இருப்பதால், களைத்த இடத்தில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடலாம். எலி பிடிக்க ஆந்தை குடியிருக்கும் பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றி வைத்திருப்பார்களே, அதுதான் நம் மைல்கல்: ஒரு பெட்டி வரை ஓட்டம், அடுத்த பெட்டி வரை நடை. நிழல் என்பது மருந்துக்கும் இல்லை. ஆகவே மாலை ஐந்தரைக்கு மேல்தான் இறங்க வேண்டும். அறுவடை நாட்களில் இயந்திரமும் லாரியும் ரோட்டை அடைத்துக்கொள்ளும். மருந்து தெளிக்கும் சிறு விமானம் பறந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து விலகிவிடுங்கள். பேராகுவாட் 2020-ல் தடையாகிவிட்டது. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் என்று எண்ண வேண்டாம்.

தஞ்சோங் காராங் பக்கம் பெரிய வாய்க்காலை ஒட்டிய ரோடு அமைதியானது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சதுப்புக் காடு. வீடு வாசல் இல்லாத தூரம் அதிகமென்பதால் தனியாகப் போகாதீர்கள். பெண்கள் மூன்று பேராவது சேர்ந்து போவது நல்லது. குறுக்கே உடும்பு வந்தால் அதற்கு வழிவிட்டால் போதும்.

மேடு ஏறிப் பழக வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி இருக்கிறது. 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம் வரை ஒரே மூச்சில் ஏறினால் உங்கள் நெஞ்சின் பலம் தெரிந்துவிடும். கையில் தின்பண்டம் மட்டும் வேண்டாம். குரங்குகள் உங்களைவிட வேகம்.

செம்பனைத் தோட்டத்து ரோடுதான் என் மனதுக்குப் பிடித்தது. நிழல் உண்டு, செம்மண் முழங்காலுக்கு இதம். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனையை முதலில் நட்டது 1917-ல், நம் பத்தாங் பெர்சுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) தென்னமாரம் தோட்டத்தில்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்துக் கிராமங்களில் வயல்களுக்கு நடுவே பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகள் இருக்கின்றன. நிலம் யாருடையதானாலும் தடுக்க முடியாது. நமக்கு அப்படியில்லை. தோட்டத்து ரோடு கம்பெனி நிலம். எனவே அடுத்த கூட்டத்தில் நம் தலைவர்கள் இதையும் கேட்கலாமே: மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, டிராக்டர் வராத ஒரு மைல் ரோடு. காசு செலவில்லாத கோரிக்கை! அதுவரை காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுக்கிய மட்டைகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அடியில் பாம்பு இருக்கும்.

காலுக்கு விலை உயர்ந்த சப்பாத்து தேவையில்லை. ஈரச் செம்மண்ணுக்குக் கம்பத்து அடிடாஸ் என்னும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும். உள்ளே காலுறை கட்டாயம். வெறுங்காலும் சிலிப்பரும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் செம்பனை முள் பாதத்தில் ஏறி ஒரு வாரம் தெரியவேயில்லை. இனிப்புநீரில் கால் மரத்துப்போயிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் மனைவி பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. நல்ல குலை வெட்டுக்காரர், பாவம். ஆகவே ஓடிவிட்டு வந்ததும் விளக்கடியில் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து.

காலில் புண்ணிருந்தால் வாய்க்கால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். இறங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "வாய்க்காலில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் வாரமே பந்தயம் ஓட வேண்டாம். நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம். இப்படி ஆறு தடவை, வாரத்தில் மூன்று நாள். ஓடும்போது பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். மாதம் ஒன்று போனால் நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டலாம். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் சதை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும்; மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். புறப்படுமுன் 5-க்குக் கீழே இருந்தால் ஏதாவது பசியாறிவிட்டுப் போங்கள். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் மிட்டாயை உடனே வாயில் போடுங்கள். வீடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாற்பது தாண்டியவர்களும் கொதிப்பு உள்ளவர்களும் ஓடத் தொடங்குமுன் ஒருமுறை மருந்தகத்துக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். பெரட்டு முடிந்ததிலிருந்து கதவு திறந்துதான் இருக்கும். ஊசி போட மாட்டேன், பயப்படாமல் வாருங்கள்.