ஓடிபி யாருக்கு வருகிறது?

சென்னையிலிருந்து திருச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள் ஒரு பெண். யாரிடமும் சொல்லவில்லை. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கணவனின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. ஆத்தூரில் இன்னொன்று, விக்கிரவாண்டியில் மூன்றாவது. ஃபாஸ்டேக் அவர் எண்ணில் வாங்கியது. அவர் எந்த உளவுச் செயலியும் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை.

இணையப் பாதுகாப்பு என்றதும் நமக்கு முகம் தெரியாத ஹேக்கர்தான் ஞாபகத்துக்கு வருகிறான். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்ணின் கதை வேறு. போன் கணவன் வாங்கிக் கொடுத்தது. சிம் அவர் ஆதாரில் எடுத்தது. "உனக்கு இதெல்லாம் தெரியாது, குடு" என்று ஜிமெயிலைத் திறந்து கொடுத்தவரும் அவரே. கணக்கை மீட்கும் எண்ணும் அவருடையது. கல்யாணமான புதிதில் அதற்குப் பெயர் அக்கறை. அடி விழத் தொடங்கிய பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. இந்த நிலையில் "பாஸ்வேர்டை மாத்திடு" என்று தோழி சொல்லும் யோசனையால் பயனில்லை. மாற்றினால் ஓடிபி போய்ச் சேரும் இடம் அவர் சட்டைப்பைதான்.

அதைவிட ஆபத்து, எல்லாவற்றையும் ஒரே இரவில் பூட்டுவது. நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால், கண்காணிப்பவருக்கு அவள் கிளம்பப் போகிறாள் என்று புரிந்துவிடும். பிரிய முடிவெடுக்கும் நாட்கள்தான் பெண்ணின் உயிருக்கு மிகவும் ஆபத்தான நாட்கள். அதனால் பழைய போன் வழக்கம்போல இருக்கட்டும்: சீரியல், சமையல் வீடியோ, குடும்பக் குழுவில் காலை வணக்கம். வக்கீலிடம் பேசுவது, வேலை தேடுவது எல்லாம் இன்னொரு போனில். சொந்த ஆதாரில் எடுத்த புது சிம், புதிதாகத் திறந்த மின்னஞ்சல். அதில் பழைய கணக்கு எதையும் மறந்தும் திறக்கக் கூடாது. அந்தப் போன் வீட்டில் இல்லாமல் அக்கா வீட்டிலோ அலுவலக மேசையிலோ இருப்பது நல்லது.

பிறகு பழைய போனைப் பார்க்கலாம், மாற்றாமல் வெறுமனே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா? கூகுள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது? மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா? போனைத் திறக்க யாருடைய விரல்ரேகை எல்லாம் பதிவாகியிருக்கிறது? குழந்தையின் டேப்லெட்டை மறந்துவிடுவார்கள். அம்மாவின் கணக்கில் ஓடும் அந்த டேப்லெட் அப்பா வீட்டுக்குப் போனால் அம்மாவின் படங்களும் கூடவே போகும். சாப்பாடு வரவழைக்கும் செயலியை இருவரும் ஒரே கணக்கில் பயன்படுத்தினால், புது முகவரிக்கு ஒரு பிரியாணி வாங்கினாலே போதும். கைப்பையின் உள்துணி, ஸ்கூட்டர் இருக்கையின் அடிப்பக்கம் ஆகியவற்றையும் தடவிப் பாருங்கள். இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் நாணய அளவு கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அறிமுகமில்லாத கருவி ஒன்று கூடவே வந்தால் ஆண்ட்ராய்டும் ஐபோனும் எச்சரிக்கை காட்டும், அதைத் தள்ளிவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் எந்த எண் இருக்கிறது என்பது தனிக் கவலை. ஆதார் மையத்துக்கு நேரில் போனால் ஆவணம் இல்லாமலே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய செய்தி பழைய எண்ணுக்கும் போகக்கூடும் என்று எண்ணியே நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகவே பேசுகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 18வது பிரிவின் கீழ் நடுவர் தரும் பாதுகாப்பு ஆணை, போன், மின்னணுத் தொடர்பு உட்பட எந்த வழியிலும் அவளைத் தொடர்புகொள்ளத் தடை விதிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விரும்பினால் விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதையே குற்றமாக்குகிறது. கணவன் என்பதற்காக அதில் விலக்கு எழுதப்படவில்லை. அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனியாகப் பாயும்.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் கணவன் தாக்கல் செய்ததை ஏற்க மறுத்தது. தனியுரிமை தம்பதிக்குள்ளும் உண்டு என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. கணவன்மார்களுக்கு உளவு பார்க்க உரிமம் கிடைத்துவிட்டது என்று சிலர் இதைப் பேசுகிறார்கள்; எதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பதோடு நிற்கும் தீர்ப்பு அது என்பதே என் வாசிப்பு. தவிர, அவர் மிரட்டுவதை அவள் பதிவு செய்திருந்தால் அவளுக்கும் அது உதவும்.

சாட்சியம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மிரட்டல் செய்தியைப் படமெடுக்கும்போது எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். போனைச் சுத்தமாக அழித்துப் புதுப்பித்தால் உளவுச் செயலியோடு வழக்கும் போய்விடும். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும் என்பதால் அசல் போன் கையில் இருக்கட்டும்.

உதவிக்கு 181, இணையக் குற்றத்துக்கு 1930, இலவச வழக்கறிஞருக்கு 15100. சட்ட உதவி பெறப் பெண்ணின் வருமானம் எவ்வளவு என்று யாரும் பார்க்கமாட்டார்கள். மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நேராகவும் போகலாம். இந்த எண்களைப் பழைய போனிலிருந்து அழைத்தால் அழைப்புப் பட்டியலில் அவை நிற்கும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு தங்கையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ நினைவுக்கு வரலாம். தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நேரில் பார்க்கும்போது, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சொல்லுங்கள்.