இருவருக்கு ஒரு மேஜை

திருமண நாள் இரவில் மனைவியை எந்த உணவகத்துக்கு அழைத்துச் செல்வது? கேட்பதற்கு எளிய கேள்விதான். மயிலாப்பூர் மாட வீதிகளில் தொடங்கி, தியாகராய நகர், அடையாறு, பெசன்ட் நகர் கடற்கரை வரை தெருவுக்குத் தெரு உணவகங்கள் இருக்கும்போது இதில் என்ன தயக்கம் என்று தோன்றலாம். ஆனால், எங்கள் 25-ஆவது மணநாளில் நான் தவறாகத் தேர்வு செய்தேன்.

அன்று நான் பார்த்தவை மூன்று: பெயர், விலை, அலங்காரம். உணவிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், தலைக்கு மேல் ஒலிபெருக்கி. பக்கத்து மேஜையில் பிறந்தநாள் பாட்டும் கைதட்டலும். பின்னால் தட்டுகளை அடுக்கும் ஓசை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் இருவருமே பேச்சை நிறுத்திவிட்டோம். வெளியே வந்து ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது மனைவி கேட்டார்: "சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. ஆனா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன அது?" தெருவோரத்தில் நின்றுகொண்டு சொல்லக் கூடியதல்ல அது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டேன்.

நம் குடும்பங்களில் மணநாள் விருந்துக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ஒருவர் சாப்பிடுகிறார், ஒருவர் பரிமாறுகிறார். பரிமாறியவர் உட்காரும்போது சாதம் ஆறியிருக்கும். முதலில் சாப்பிட்டவர் கைகழுவி எழுந்து போயிருப்பார். கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து ஒரே நேரத்தில் சூடாகச் சாப்பிடும் வேளைகள் ஓர் ஆண்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஆண்டு முழுவதும் பரிமாறியவர் அன்று ஒருநாள் பரிமாறப்படுகிறார். ஆகவே, அந்த இரவுக்கான இடத்தைத் தேர்வு செய்ய மூன்று கேள்விகள் போதும். அங்கே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்குமா? அவசரமில்லாமல் உட்கார முடியுமா? கடைசியில் வரும் ரசீது மனத்தைக் கெடுக்காமல் இருக்குமா?

முதலில், ஓசை. இரண்டு பேர் இயல்பாகப் பேசும்போது எழும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். சுற்றிலும் அதைவிட மிகுதியான இரைச்சல் இருந்தால், நம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-இல் விளக்கிய இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஒரு மேஜையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேஜையிலும் உயர்கிறது. கிரானைட் மேஜை, வழுவழுப்பான தரைக்கல், கண்ணாடிச் சுவர் ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. குளிர்சாதனத்துக்காகக் கதவுகளும் மூடியிருப்பதால் அந்த ஒலி வெளியேறவும் வழியில்லை. துடைத்துச் சுத்தம் செய்வதற்கு எளிது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்களே உரையாடலுக்கு எதிரியாகிவிடுகின்றன.

வெள்ளிவிழா மணநாளைக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருக்கும். 'சொன்னது காதில் விழுவதே இல்லை' என்ற வீட்டுச் சண்டைகள் சிலவற்றுக்குக் காரணம் அலட்சியமாக இராது, செவியாக இருக்கலாம். எனவே, முன்பதிவுக்காகத் தொலைபேசியில் அழைப்பவர்கள் பகலில் அழைக்காமல், இரவு எட்டு மணிக்கு அழைக்கலாம். பேசுபவரின் பின்னணியில் எவ்வளவு இரைச்சல் கேட்கிறது என்பது அந்த இடத்தைப் பற்றி விளம்பரத்தைவிட உண்மையாகச் சொல்லிவிடும். சமையலறைக் கதவுக்கும் கைகழுவும் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி, சுவரோரமாக ஒரு மேஜை வேண்டும் என்று கேட்டுப் பெறுவதில் கூச்சம் தேவையில்லை.

அடுத்தது, நேரம். சென்னையின் சிற்றுண்டி மரபு வேகத்தின் மீது கட்டப்பட்டது. குறைந்த விலைக்கு இட்லியும் காபியும் தர வேண்டுமென்றால், ஓர் இருக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் பலர் அமர்ந்து எழுந்தாக வேண்டும். நான்கு பேர் மேஜையில் இருவர் அமர்ந்தால் மீதி இரண்டு இடங்களில் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவது இங்கே இயல்பு. அதற்கு இடம்விட்டு, எதிரெதிரே அமர்ந்த தம்பதி பக்கத்தில் பக்கத்தில் மாறிக்கொள்வதும் வழக்கம். இது குறையன்று, எளியவரும் வசதி படைத்தவரும் ஒரே மேஜையில் ஒரே காபியைக் குடிக்கும் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ்ஸோ, கிழக்கு மாட வீதியில் உள்ள கற்பகாம்பாள் மெஸ்ஸோ சுவையில் எந்த நட்சத்திர விடுதிக்கும் இளைத்தவை அல்ல. ஆனால், அங்கே நாம் போவது சாப்பிட. மனம்விட்டுப் பேச அல்ல. விருந்து இரவில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, மாட வீதியில் சிற்றுண்டியும் காபியும் முடித்து, தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வரும் தம்பதிக்கு மணநாள் அங்கேயே நிறைவாகிவிடும்.

அவசரப்படுத்தாத இடங்களும் இந்நகரில் இருந்தன. கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அவற்றில் ஒன்று. மரநிழலில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டைப் பொருத்திப் பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்களுக்கும் அங்கே இடமிருந்தது. ஒரு காபியுடன் நெடுநேரம் அமர்ந்திருந்தவர்கள் பலர். திருமணத்துக்கு முன்பு அங்கே சந்தித்துப் பேசி, பிறகு பிள்ளைகளுடன் வந்தவர்களும் உண்டு. அது 2008-இல் மூடப்பட்டு, 2010 நவம்பரில் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவால் நகரத்துக்குப் பயன்தான். ஆனால், நடுத்தர வருவாய்க் குடும்பம் மரத்தடியில் மசால் தோசையுடன் நேரம் மறந்து அமர்ந்திருந்த வசதிக்கு மாற்று எழவில்லை. ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலையில் அடையாறு கேட், பார்க் ஷெரட்டன், கிரவுன் பிளாசா எனப் பல பெயர்களில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இயங்கிய நட்சத்திர விடுதி 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, தங்கள் திருமண வரவேற்பையும் மணநாள் விருந்துகளையும் நினைத்து வருந்தியவர்கள் பலர். முன்னது எளியவருக்கும், பின்னது வசதி படைத்தவருக்குமானது. இரண்டின் மறைவிலும் இழப்பு ஒன்றே: ஆண்டுதோறும் திரும்பிப் போக ஓர் இடம்.

இடத்தைப் போலவே நாளும் பார்க்கப்பட வேண்டும். நம் திருமணங்கள் முகூர்த்த நாள்களில் குவிகின்றன. ஆகவே மணநாள்களும் குவிகின்றன. ஆடியும் மார்கழியும் விலக்கு. மியூசிக் அகாதெமி, நாரத கான சபா, தியாகராய நகர் கிருஷ்ண கான சபா எனச் சபாக்கள்தோறும் உணவுக்கூடங்கள் மணக்கும் டிசம்பர் பிற்பகுதி இதற்கு மிகப் பொருத்தமான காலம்தான். என்ன செய்வது, மார்கழியில் மணமுடித்தவர்கள் அரிது! ஐப்பசியில் மணமானவர்களுக்குத் தியாகராய நகரில் தீபாவளி நெரிசல் காத்திருக்கும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் அமைதியான குடியிருப்பாக உருவாக்கப்பட்ட பகுதி அது என்பதை இன்று நம்புவது கடினம். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அமைக்கப்பட்ட அகன்ற நடைபாதை, வார நாள்களில் சாப்பாட்டுக்குப் பின் காலாற நடக்க ஏற்றது. தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் அதை மறந்துவிடுவதே நல்லது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வழித்தடங்களில் இரண்டு திருமயிலையில் சந்திக்கின்றன; ஒன்று அடையாறு வழியாகவும், மற்றொன்று பனகல் பூங்கா வழியாகவும் செல்கிறது. அந்தப் பணிகளால் போக்குவரத்து மாற்றப்பட்ட சாலைகளில் முக்கால் மணி நேரம் சிக்கி வந்தவர்கள் மேஜையில் அமரும்போது பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். வீட்டுக்கு அருகிலேயே இடம் பார்ப்பது கஞ்சத்தனம் ஆகாது.

மூன்றாவது, ரசீது. பொதுவாக உணவகங்களில் சரக்கு - சேவை வரி 5%. நாளொன்றுக்கு ரூ.7,500-க்கு மேல் அறை வாடகை பெறும் விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களில் அது 18%. ரூ.3,000-க்குச் சாப்பிட்டால், முன்னதில் வரி ரூ.150, பின்னதில் ரூ.540. இதோடு 10% சேவைக் கட்டணமும் சேர்க்கப்பட்டால், அதற்கும் சேர்த்தே வரி கணக்கிடப்பட்டு, நட்சத்திர விடுதி ரசீது ரூ.3,894 ஆகிவிடும். சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை 2025 மார்ச் 28-இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பின்னர் மேல்முறையீடும் செய்யப்பட்டது. விருப்பமிருந்தால் பரிமாறியவர் கையில் நேரடியாகக் கொடுக்கலாம். கட்டாயமாகக் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால், மணநாள் இரவில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு ரசீதுக்காக வாதிடுவதைவிட, முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிடுவது உத்தமம்.

உணவக உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெழுகுவத்தியும் ரோஜா இதழ்களும் எங்களுக்கு வேண்டாம். மாலை வேளையில் ஒரு மூலையில் இருவருக்கான மேஜைகள் நான்கைந்து போடுங்கள். ஜன்னல்களுக்குத் துணித்திரை, மேஜைக்குத் துணிவிரிப்பு, யாரும் பார்க்காத தொலைக்காட்சிக்கு ஓய்வு ஆகியவை போதும். கேட்கும்வரை ரசீதைக் கொண்டு வராதீர்கள். இதற்குப் பெரும் செலவில்லை. வருகிறவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

எங்கள் 26-ஆவது மணநாளில், அடையாறு காந்தி நகரின் உட்தெருவில் உள்ள சிறிய உணவகமொன்றுக்குப் போனோம். வார நாள், மாலை ஏழு மணி. கூட்டமில்லை. முந்தைய ஆண்டு சொல்ல முடியாமல் போனதை அங்கே சொன்னேன். என் தாயார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், வெளியூர் மாறுதலுடன் வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று என் மனைவி தன் வங்கியில் எழுதிக் கொடுத்தார். அது என் பொருட்டு என்று தெரிந்தும், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "உங்களுக்கு அது ஞாபகமே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு, அந்த நாள்களைப் பற்றி நான் அறியாத பலவற்றைச் சொன்னார். அவற்றில் சில எனக்குப் பெருமை தருபவை அல்ல. இடையில் இன்னொரு காபி கேட்டோம். என்ன சாப்பிட்டோம் என்பது இப்போது எனக்கு நினைவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.