குரல் கம்மலும் அதன் வைத்தியமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, பாறசாலை, இஞ்சிவிளை எனத் தெற்கே செல்லச் செல்ல, மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து பேசப்படுவதைக் கேட்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறத்திலும் குரலையே முதலாகக் கொண்டு பிழைப்போர் பலர். களியக்காவிளைச் சந்தையில் விலை கூறுவோர், பொழியூர், பூவாறு கரைகளிலிருந்து மீன் கொணர்ந்து கூவி விற்கும் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள், போதகர்கள், பஸ் கண்டக்டர்கள் ஆகியோர் இவ்வகையினர்.

இத்தகையோருக்குக் குரல் கம்மினால் அதைத் தொழிலின் அடையாளமாகவே ஊரார் கொள்வர். சுக்கு, மிளகு, கருப்பட்டி சேர்த்த கஷாயம் அருந்துவதும் உண்டு. சளியினால் வந்த கம்மலாயின் அது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அகன்றுவிடும். புகழ் கஷாயத்தைச் சேரும். அகலாது நிற்கும் கம்மலே ஆராய்ச்சிக்குரியது.

குரல் எவ்வாறு பிறக்கிறது? மூச்சுக் குழலின் உச்சியில் அமைந்த குரல்வளையினுள், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள இரு மடிப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. இவையே குரல்நாண்கள். நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றைப் பிரித்துக்கொண்டு வெளியேற, அவை மீண்டும் கூடி மோதுகின்றன. பெண்ணின் சாதாரணப் பேச்சில் இம்மோதல் வினாடிக்குச் சுமார் 200 முறை நிகழ்கிறது. எனவே, இடைவெளிகளை நீக்கிக் கணக்கிட்டு, ஒரு மணி நேரம் குரல் எழுப்பும் ஆசிரியையின் குரல்நாண்கள் 7,20,000 முறை மோதுகின்றன. கையால் இவ்வளவு முறை தட்டினால் கை காய்த்துப் போகும். குரல்நாணிலும் காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் தோன்றுவதில் வியப்பில்லை. நாணின் மேற்படலம் உள்ளே இருக்கும் தசையின்மீது வழுக்கி அசைவதாலேயே குரல் தெளிவாக ஒலிக்கிறது என்பதை 1974-இல் ஜப்பானிய நிபுணர் ஹிரானோ விளக்கிக் காட்டினார். அப்படலம் தடித்தாலும், தழும்பேறினாலும், வறண்டாலும் குரல் கெடும்.

வறட்சியின் கொடுமைக்கு ஓர் அபூர்வ உதாரணம் உண்டு. மார்த்தாண்டத்திற்கு அப்பால் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டுகள் அறுவை வைத்தியராயிருந்த ஹோவர்ட் சாமர்வெல், 1924 ஜூன் மாதத்தில் நார்ட்டனுடன் எவரெஸ்ட் சிகரத்தில் சுமார் 28,000 அடி உயரம் வரை ஏறினார். அங்கு வீசிய குளிர்ந்த வறண்ட காற்றை வாயால் இழுத்து இழுத்து, அவருடைய குரல்வளையின் உட்படலம் சிதைந்தது. இறங்கும் வழியில் அது உரிந்து மூச்சையே அடைத்துவிட்டது. பனியில் அமர்ந்து, இரு கைகளாலும் மார்பை அழுத்தி இருமியபோது அது இரத்தத்துடன் வெளியே வந்தது, உயிர் மீண்டது. குரல்நாண்களை ஈரமாய் வைத்திருக்க நீர் பருகவேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது வெறும் உபசார வார்த்தையன்று.

அதே நெய்யூரில் பணியாற்றிய டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் மிகுந்து காணப்பட்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். அது வாயைப் பற்றியது. குரல்வளைப் புற்றுநோய்க்குப் பீடி, சிகரெட் புகையும் மதுவுமே முக்கியக் காரணங்கள். இந்நோய் குரல்நாணில் தோன்றினால் வலியின்றிக் கம்மலாகவே முதலில் வெளிப்படும். இது ஒருவகையில் நோயாளியின் பாக்கியம். ஏனெனில் அந்த நிலையிலேயே கண்டுகொண்டால் கதிர்வீச்சினாலோ லேசர் அறுவையினாலோ நோயை நீக்கி, குரலையும் பெரும்பாலும் காக்கலாம். கஷாயத்திலும் மிட்டாயிலும் ஆறு மாதம் கழிந்தால், குரல்வளையையே எடுத்துவிட நேரலாம்.

கம்மலின் காரணம் காதால் கேட்டு அறியத்தக்கதன்று. முடிச்சு, புற்று, காசநோய், இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம் ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரே வகைக் கரகரப்பையே தரக்கூடும். குரல்வளையை இயக்கும் இடது நரம்பு நேரே அதற்குச் செல்லாமல் மார்பினுள் இறங்கி, மகாதமனியை வளைத்து மீண்டும் மேலேறுகிறது. ஆகவே நுரையீரல் கட்டியோ, வீங்கிய இருதயமோகூடக் குரலைக் கெடுக்கும். பின்னதை 1897-இல் வியன்னாவில் ஆர்ட்னர் விவரித்தார். குரல்வளையை நேரில் காண்பதே வழி. 1854-இல் மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று மெல்லிய குழாய்க் கருவியை மூக்கின் வழியே செலுத்திச் சில நிமிஷங்களில் பார்த்துவிடுகின்றனர். கம்மல் நான்கு வாரத்தில் அகலாவிடில் குரல்வளையைப் பார்த்தாகவேண்டும் என்றும், பாராமலே ஸ்டீராய்டு மருந்துகளை வழக்கமாகக் கொடுக்கலாகாது என்றும் 2018-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி கூறுகிறது. புகை பிடிப்போரும், கழுத்தில் கட்டி அல்லது விழுங்குவதில் தடை உள்ளோரும் அதுவரைகூடக் காத்திருக்கலாகாது.

முடிச்சுகளுக்கு முதல் வைத்தியம் கத்தியன்று, பயிற்சியே. தொண்டையை இறுக்காமல் மூச்சின் பலத்தால் பேசவும், நீருள்ள குவளையில் குழாயை வைத்து அதன் வழியே ஒலி எழுப்பவும் பழக்குகின்றனர். ‘குரலை அடக்கிப் பேசுக’ என்னும் அறிவுரை மட்டும் போதுமா? 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குரல் கெட்ட ஆசிரியர்களுள் சிறிய ஒலிபெருக்கியை அணிந்து பாடம் நடத்தியவர்கள் தெளிவாக முன்னேறினர். குரல் பேணும் உபதேசம் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. கூவினால்தான் கூடை காலியாகும் என்ற நிலையிலுள்ள மீன்காரப் பெண்ணுக்கு ஓய்வைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது எளிது; அவள் அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது. அதனால் பலருக்குத் தொண்டை மேலும் இறுகுகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், 1981-இல் நிறுவப்பட்ட பிராந்தியப் புற்றுநோய் நிலையமும், 1997-இல் தொடங்கி ஆக்குளத்தில் நடைபெறும் பேச்சு, கேட்பு நிலையமும் அங்குள்ளன. குரல்வளையை இழந்தவர்களும் பேச வழியுண்டு. மூச்சுக் குழலுக்கும் உணவுக் குழலுக்கும் இடையே பொருத்தும் சிறு வால்வை அமெரிக்காவில் பிளாம், சிங்கர் இருவரும் உருவாக்கி 1980-இல் வெளியிட்டனர்.

குரல் சோதனையில் எல்லைக் கிராமத்தாருக்கே உரிய சிறு சிக்கல் ஒன்றும் உண்டு. ‘ஸ்’ என்னும் ஒலியை எத்தனை வினாடி நீட்ட முடிகிறது, குரல் சேர்ந்த அதன் இணையொலியை எத்தனை வினாடி நீட்ட முடிகிறது என்று ஒப்பிடுவது மேல்நாட்டு முறை. அந்த இணையொலி தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலிக்கச் சொல்லி அதை முதலில் கற்பித்த பிறகே சோதனை தொடங்கவேண்டும். அல்லது ‘ஆ’ என்று நீட்டச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்க்கலாம். நலமுள்ள வயது வந்தோர் பெரும்பாலும் 15 வினாடிக்கு மேல் நீட்டுவர்.