பொத்தானில் ஒரு குறி

அகளியின் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் கலந்து ஒலிக்கின்றன. ஆயினும் வீட்டினுள் ரிமோட் என்னும் தொலையியக்கியின் பொத்தான்களில் காண்பது ஆங்கிலமே. தமிழ் மட்டும் கற்ற முதியவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரும்வரை காத்திருக்க நேர்கிறது.

எழுத்தறியாதார்க்கும் குறி விளங்கும். 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சின்னங்கள் வழங்கப்பட்டதும் இதுபற்றியே. மின்விசைக் குறியை நோக்குங்கள்: அதிலுள்ள கோடு 1, வட்டம் 0, முன்னது இயக்கம், பின்னது நிறுத்தம்.

இத்தகைய குறிகளை அச்சிடக் கணினியில் குறியெழுத்துருக்கள் உள்ளன. 1997இல் வந்த வெப்டிங்ஸ் எழுத்துருவில் 4ஐ அழுத்தினால் வலம் நோக்கும் முக்கோணம் தோன்றும். ஓட்டுவதற்கு அதுவே குறி. ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் முக்கோணம் மறைந்து வெறும் 4 நிற்கும். பழைய தமிழ் எழுத்துருவில் எழுதிய மின்னஞ்சல், மறுமுனையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் திறந்ததை வெளிமாநிலத் தமிழர் மறந்திரார்! யூனிகோடு முறை, தமிழுக்கு 1991இலும் மின்விசைக் குறிக்கு 2016இலும் தனியிடம் அளித்தது. எனவே யூனிகோடு குறிகளையே கையாளுங்கள். அன்றேல் படமாக்கி அனுப்புங்கள்.

ஐந்து பொத்தான்களே போதும்: மின்விசை, ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், அலைவரிசை முன், பின். குறியைப் பெரிதாக அமைத்து, கீழே ஒரு தமிழ்ச் சொல் சேர்த்து, ஒட்டுத்தாளில் அச்சிட்டுப் பொத்தானருகே ஒட்டுங்கள். முன்முனையில் கதிர் வெளிவரும் இடத்தை மறைக்கலாகாது. ஒட்டுமுன், எந்தக் குறி விளங்குகிறதென்று அம்முதியவரையே கேளுங்கள். பயன்படுத்தப் போகிறவர் அவரன்றோ!